ரோவர் வி8 இறக்கிய எம்ஜிபி ஜிடி: பலமான பின் ஆக்ஸில் போடத்தான் வேணுமா?

லெஸ்டர்_ஜிடி
வணக்கம் எல்லாருக்கும். என்னட்டை 1972 எம்ஜிபி ஜிடி (இங்கிலாந்தின்ரை பழைய ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்டு இருக்கு. முந்தி வைச்சிருந்தவர் 1.8 எஞ்சினைக் கழட்டிப்போட்டு ரேஞ்ச் ரோவரின்ரை 3.9 லீற்றர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினையும் ரோவர் எஸ்டி1 ஐந்து கியர் பொக்ஸையும் இறக்கியிருக்கிறார். வேலை சுத்தமாத்தான் செய்திருக்கிறார். ஆனா கியர்பொக்ஸுக்குப் பின்னாலை ஒண்டிலையும் கை வைக்கேல்லை. அதே பழைய குழாய் ஆக்ஸில் (பின்சக்கரம் ரெண்டையும் சேர்க்கிற திட அச்சு), அதே 3.9 விகிதம் (சக்கரம் ஒருக்காச் சுத்த கியர்பொக்ஸிலை இருந்து வாற தண்டு 3.9 தரம் சுத்தும்), அதே ஸ்போக் சக்கரம்.

பிரச்சினை இதுதான். முதல் கியரிலை கிளச்சை விட்டா பின்னாலை 'டொக்' எண்டு கேக்குது. ரவுண்டபவுட்டிலை இருந்து வெளிக்கிடேக்கை கொஞ்சம் அழுத்தினா பின்பக்கம் முழுக்கக் குதிக்குது. ஒரு கராஜ்காரர் பாத்திட்டு, "இந்த ஆக்ஸில் கனநாள் தாங்காது, ஜாகுவாரின்ரை பின்பக்கத்தை அப்பிடியே தூக்கிப் போடுவம்" எண்டார். அவர் சொன்ன காசுக்கு இன்னொரு கார் வாங்கலாம்.

நான் வாசிச்ச அளவிலை அமெரிக்காவிலை எல்லாரும் ஃபோர்ட் 8.8 (8.8 அங்குலக் கிரவுன் சக்கரம் உள்ள பின் ஆக்ஸில்) போடுகினம். இங்கை சிலர் ஃபோர்ட் கப்ரியின்ரை அட்லஸ் ஆக்ஸிலை வெட்டிப் போடுகினம். எது சரி? குளிர்காலம் முழுக்க கார் கராஜுக்குள்ளைதான் நிக்கும், வேலைக்கு நேரம் இருக்கு.

ரொறன்ரோ_302
தம்பி, 8.8 போடும். கேள்வியே தேவையில்லை.

என்ரை 77 எம்ஜிபி ரோட்ஸ்டரிலை (கூரை திறக்கிற வகை) 1990 மஸ்டாங்கின்ரை 5 லீற்றர் எஞ்சின் நிக்குது. தொழிற்சாலைக் கணக்கிலேயே 225 குதிரைவலு, 300 பவுண்ட்-அடி முறுக்கு. அதுக்குப் பழைய எம்ஜி ஆக்ஸில் உடையுமட்டும் காத்திருக்க எனக்கு மனம் வரேல்லை. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின்ரை 8.8 எடுத்தன். 1995இலை இருந்து 2001 வரைக்கும் வந்ததுகளிலை டிஸ்க் பிரேக்கும் 31 பல் தண்டும் (ஆக்ஸில் நடுவிலை இருந்து சக்கரத்துக்குப் போறது) சேந்தே வரும். இங்கை உடைக்கிற யார்டுகளிலை குவிஞ்சு கிடக்குது.

குரோம்பம்பர்
அவர் லெஸ்டரில் இருக்கிறார் ஐயா. அங்கே எக்ஸ்ப்ளோரரை எந்த யார்டில் தேடுவார்?

கோவை_லேத்
தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி 'டொக்' எங்கிருந்து வருதுன்னு பாத்தீங்களா? நான் கிளீசன் மெஷின்ல கிரவுன் பினியன் (ஆக்ஸில் நடுவுல ஒண்ணையொண்ணு கடிக்கற பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும்) வெட்டியே ரிட்டயர் ஆனவன். பல்லு உடையற சத்தம் 'டொக்'னு ஒரு தடவை வந்து நிக்காதுங்க. அது வேகத்தோட சேர்ந்து திரும்பத் திரும்ப வரும். கிளச்சை விடறப்ப மட்டும் ஒரே ஒரு தட்டுன்னா அது இடைவெளி. எங்கியோ தேய்ஞ்சு லூஸ் ஆகியிருக்கு.

உங்க ஆக்ஸில்ல அதுக்குப் பேர் போன இடம் ஒண்ணு இருக்குங்க. டிஃபுக்குள்ள (ரெண்டு சக்கரத்துக்கும் முறுக்கைப் பிரிச்சுக் குடுக்கற பகுதி) பக்கக் கியருக்குப் பின்னாடி ஃபைபர் வாஷர், சின்னக் கியருக்குப் பின்னாடி செம்பு வாஷர். அம்பது வருசத்துல அது காகிதமா தேய்ஞ்சிருக்கும். பின் மூடியக் கழட்டி, தண்டு ரெண்டையும் உருவி, குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்தா, டிஃபை வெளிய எடுக்காமயே மாத்திடலாம். வாஷர் விலை ஒண்ணும் பெருசில்லீங்க.

அப்புறம் ஸ்போக் சக்கரம்னு சொல்றீங்க. ஹப்புல இருக்கற பல்லுவரி தேய்ஞ்சிருந்தாலும் இதே சத்தந்தான் வரும். ஆளை விட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு சக்கரத்தைக் கையால ஆட்டிப் பாருங்க. டயர் அசைஞ்சு ஹப்பு அசையலைன்னா குத்தவாளி அங்கதான்.

விசைக்கணக்கு
கோவை ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பர்மிங்ஹாம் பக்கம் சேசிஸ் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். 'எஞ்சின் முறுக்கு இரட்டிப்பானது, எனவே ஆக்ஸில் இரட்டிப்பாக வேண்டும்' என்று எல்லாரும் போடும் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. டயரை மறந்துவிடுகிறார்கள்.

பழைய 1.8 எஞ்சினுக்கு 149 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.44, ஆக்ஸில் 3.909. பெருக்கினால் ஆக்ஸிலில் ஏறத்தாழ 2,000. உங்கள் 3.9 வி8க்கு 300 என்று வையுங்கள். எஸ்டி1 பெட்டியின் முதல் கியர் 3.32. அதே 3.909 ஆக்ஸிலோடு 3,890 வருகிறது. பார்க்க பயமாகத்தான் இருக்கும்.

இப்போது மறுபக்கம். ஆளோடு 1,150 கிலோ, அதில் பாதி பின்சக்கரத்தில். சக்கர இடைவெளி 91 அங்குலம், எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று எடுத்து, முடுக்கத்தில் பின்னால் சாயும் எடையையும் சேர்த்தாலும், சாதாரண ரோட்டு டயர் தரையைப் பிடித்துத் தள்ளக்கூடியது ஆக்ஸிலில் சுமார் 1,900 நியூட்டன் மீட்டர்தான். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் சுழலும், ஆக்ஸிலுக்கு அது தெரியாது. 1962இல் அபிங்டன் தொழிற்சாலையில் போட்ட எஞ்சினே முதல் கியரில் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் வி8 கார்களில் ஆக்ஸில் ஏன் உடைகிறது? அதிர்ச்சியால். சக்கரம் வழுக்கிச் சுழன்று, திடீரென்று தரையைப் பிடிக்கும்போது சுழன்ற எடை முழுதும் ஒரு கணத்தில் தண்டின் மேல் இறங்குகிறது. லெஸ்டர் தம்பி சொன்ன 'குதிக்குது' இருக்கிறதே, அதுதான் இது. நொடிக்குப் பலமுறை அந்த அடி விழுகிறது. ஆக்ஸிலைத் தாங்கும் பட்டைவில் எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு விடுபடுகிறது, ஆக்ஸில் மூக்கு (பினியன் இருக்கும் முன்பகுதி) மேலும் கீழும் ஆடுகிறது. அதை நிறுத்தாமல் 8.8 போட்டால் இன்னும் கனமான ஒரு பொருள் அதே இடத்தில் குதிக்கும்.

ரொறன்ரோ_302
கணக்கு வடிவாத்தான் இருக்கு. ஆனா உம்மடை கணக்கிலை ரோட்டு ரயர். நான் கோடையிலை இழுவைப் பந்தயத்துக்குப் போறனான், பின்னாலை ஒட்டுற ரயர். அதுக்கு என்ன சொல்லுறீர்?

விசைக்கணக்கு
அதற்கு நீங்கள் செய்ததுதான் சரி என்பேன். டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமான எண் 0.9இலிருந்து (நான் எடுத்த ரோட்டு டயர்) 1.3 ஆனால் அதே கணக்கில் ஆக்ஸில் முறுக்கு 1,900இலிருந்து 3,000ஐத் தாண்டுகிறது. எஞ்சின் மாற்றாமலே அறுபது சதவீதம் கூடுதல் பளு. ஆக்ஸிலின் தேவையைத் தீர்மானிப்பது போனட்டுக்கு அடியில் இருப்பதைவிட டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது.

குரோம்பம்பர்
எம்ஜியே இதற்கு என்ன செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே. 1970 வாக்கில் கென் காஸ்டெல்லோ தனியாக எம்ஜிபியில் ரோவர் வி8 இறக்கி விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 வந்தது, மொத்தம் 2,591 கார். 3,528 சிசி, 137 குதிரைவலு, 193 பவுண்ட்-அடி. அதில் போட்டது இதே குழாய் ஆக்ஸில்தான். மாற்றியது விகிதத்தை: 3.07. ஸ்போக் சக்கரத்தை மட்டும் அந்தக் காருக்கு விருப்பத் தேர்வாகக்கூடக் கொடுக்கவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமில்லை.

பின்னால் 1990களில் எம்ஜி ஆர்வி8 கார் வந்தபோது எஞ்சின் தம்பியுடையதைப் போலவே 3.9, 190 குதிரைவலு. அப்போதும் பட்டைவில், திட ஆக்ஸில். கூடுதலாக வைத்தது முறுக்கைத் தாங்கும் கைகளும் க்வைஃப் டிஃபும் (பிடிமானம் உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் முறுக்கை அனுப்பும் வகை).

கோவை_லேத்
அந்த 3.07ல ஒரு சூட்சுமம் இருக்குங்க. 3.909னா கிரவுன்ல 43 பல்லு, பினியன்ல 11. 3.07னா 43க்கு 14. கிரவுன் சைஸ் கிட்டத்தட்ட அதே, ஆனா பினியன் குண்டாயிடும். பல்லோட அடி கனமா இருக்கும், ஒரே சமயத்துல கடிக்கற பல்லும் அதிகம். பெருக்கம் குறையறதால தண்டுக்குப் போற முறுக்கும் அஞ்சுல ஒரு பங்கு குறையுது. ஒரே மாத்தத்துல ரெண்டு லாபம். பல்லு வெட்டறவனுக்கு இதெல்லாம் பாத்தா சந்தோசமா இருக்கும்.

லெஸ்டர்_ஜிடி
எல்லாருக்கும் நன்றி. கணக்கை ரெண்டு தரம் வாசிச்சன். ஒரு சந்தேகம்: 3.07 போட்டா கார் இழுவை குறைஞ்சு மந்தமாப் போகாதோ?

விசைக்கணக்கு
முதல் கியரில் இப்போதே டயர் தாங்காத அளவுக்கு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் குறைக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் பாருங்கள்: 185/70 ஆர்14 டயர், ஐந்தாம் கியர் 0.79 என்றால், மணிக்கு 70 மைல் வேகத்தில் இப்போது எஞ்சின் சுமார் 3,100 சுற்று. 3.07இல் 2,400. அந்த வி8க்கு 2,400இல் முறுக்கு நிறையவே உண்டு, காதுக்கும் நிம்மதி.

ஒன்றை மறக்கவேண்டாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பெட்டியிலிருந்து வருகிறது. இப்போது சரியாகக் காட்டுகிறது என்றால், விகிதம் மாறியதும் நீங்கள் உண்மையில் 70 போகும்போது 55 காட்டும். கேமராவுக்கு அந்தக் கதை புரியாது. ஆக்ஸில் வேலையோடு சேர்த்தே மீட்டரையும் திருத்தக் கொடுங்கள்.

புதுப்பினியன்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 8.8 உண்மையிலேயே போடுவதென்றால் என்ன வேலை என்று 302 அண்ணா கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? எனக்கு எம்ஜி இல்லை, தெரிந்துகொள்ள ஆசை.

ரொறன்ரோ_302
சந்தோசமாச் சொல்லுறன்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. பினியன் நடுவிலை இல்லை. வழக்கமா எல்லாரும் நீளப் பக்கக் குழாயை மூண்டு அங்குலம் மட்டிலை வெட்டி, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின்ரை கட்டைத் தண்டை வாங்கி ரெண்டு பக்கமும் ஒரே தண்டு போடுவினம். பழைய மஸ்டாங்குக்கு அது காணும். எம்ஜிபிக்குக் காணாது. எம்ஜிபியின்ரை பின் சக்கரத் தடம் 49 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நான் ரெண்டு பக்கமும் வெட்டினன், தண்டு அளவு குடுத்துப் புதுசாச் செய்விச்சன். இதிலைதான் காசு போகும். ஆக்ஸில் மலிவு, தண்டு மலிவில்லை.

வெட்டுறது சுகம், ஒட்டுறதுதான் வேலை. டிஃப் பெயரிங் இருக்கிற இடத்திலை வட்டக்கட்டை போட்டு, நடுவாலை ஒரு நேர்க்கம்பியை ஓட்டி, அதிலை குழாய் முனையைக் கோத்துப் பிடிச்சுக்கொண்டு வெல்ட் பண்ணவேணும். ஒரேயடியா சுத்தி ஒட்டினா குழாய் வாழைப்பழம் மாதிரி வளையும். எதிரெதிர்ப் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா ஒட்டி, ஆறவிட்டு, கம்பி இன்னும் சுழலுதோ எண்டு பாத்துப் பாத்துச் செய்யவேணும். 8.8 குழாய் நடுவிலை இருக்கிற வார்ப்பிரும்புக்குள்ளை இறுக்கித்தான் வைச்சிருக்கு, கன முறுக்கு வந்தா உள்ளுக்கையே சுத்தும். அதையும் சேத்து ஒட்டினன், வார்ப்பிரும்பைச் சூடாக்கி, நிக்கல் கம்பியாலை. தெரியாத ஆக்களிட்டை அந்த வேலையைக் குடுக்காதேங்கோ.

பட்டைவில் உக்காருற மெத்தையைக் கடைசியா ஒட்டவேணும். கார் தன்ரை பாரத்திலை தரையிலை நிக்கேக்கை பினியன் கோணத்தை வைச்சுப்போட்டுத்தான் ஒட்டுறது. கியர்பொக்ஸ் வால் எத்தினை பாகை சரிஞ்சிருக்கோ, பினியன் மூக்கு அதுக்குச் சமாந்தரமா, பிறகு ரெண்டு பாகை மட்டிலை கீழை. பட்டைவில் வண்டியிலை அழுத்தேக்கை மூக்கு மேலை எழும்பும், அதுக்குத்தான் அந்த ரெண்டு பாகை. மெத்தையை முதலிலையே ஒட்டிப்போட்டு பிறகு ஆப்பு வைச்சுத் திருத்துற ஆக்களும் இருக்கினம், எனக்கு அது பிடிக்காது.

பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் கட்டையாக்கவேணும், பிரேக் குழாய், ஹாண்ட்பிரேக் கேபிள், எல்லாம் புதுசு. சக்கரம் அஞ்சு ஓட்டை 4.5 அங்குல வட்டம், முன்னாலை எம்ஜிபி நாலு ஓட்டை அதே வட்டம். முன் ஹப்பையும் மாத்தினாத்தான் ஒரே சக்கரம் போடலாம்.

கோவை_லேத்
28 பல்லுத் தண்டு, 31 பல்லுத் தண்டுன்னு பேசறப்ப சின்ன வித்தியாசம்னு நினைக்கக்கூடாதுங்க. 28 சுமாரா 1.2 அங்குலம், 31 சுமாரா 1.32. விட்டத்தோட மும்மடிப் பெருக்கத்துல முறுக்குபலம் போகும். பத்து சதம் தடிமன் கூடினா மூணுல ஒரு பங்கு பலம் கூடிடும். எக்ஸ்ப்ளோரருதுக்கு மவுசு அதனாலதான்.

ஆனா 8.8ல தண்டைப் பிடிச்சிருக்கறது உள்பக்க முனையில ஒரு சி கிளிப்பு. தண்டு உடைஞ்சா சக்கரத்தோட வெளிய வந்துடும். டிஸ்க் கேலிப்பர் கொஞ்ச நேரம் பிடிச்சு வெக்கும், அத நம்பி ஓட்டாதீங்க.

குரோம்பம்பர்
இன்னொரு பக்கம், சட்டம். இங்கிலாந்தில் மாற்றிய வண்டிகளுக்கு நெடுங்காலமாக ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டும். மோனோகாக் உடல் (தனிச் சேசிஸ் இல்லாத வகை) 5, சஸ்பென்ஷன் 2, ஆக்ஸில்கள் 2, கியர்பெட்டி 2, ஸ்டீயரிங் 2, எஞ்சின் 1. தம்பி காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஏற்கெனவே போய்விட்டன. ஆக்ஸிலும் போனால் உடல், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் சேர்ந்து 9. தப்பித்தீர்கள். அந்த கராஜ்காரர் சொன்னபடி ஜாகுவார் பின்பக்கம் (சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வகை) போட்டிருந்தால் சஸ்பென்ஷன் புள்ளியும் போய் 7. க்யூ எழுத்து நம்பர் பலகையோடு, தனி வண்டிக்கான சோதனைக்கும் வரிசையில் நிற்கவேண்டியிருந்திருக்கும்.

2025 ஆகஸ்டில் இந்த விதிகளைத் திருத்தினார்கள். எனவே இப்போது அமலில் இருப்பதைப் பதிவுத் துறையின் பக்கத்திலேயே படித்துவிட்டுக் கையை வையுங்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி (வருடாந்திர வண்டிச் சோதனை) விலக்கு இருக்கிறதே, அதிலும் சஸ்பென்ஷன் வகையை மாற்றினால் சிக்கல் வரும். காப்பீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லெஸ்டர்_ஜிடி
கொஞ்சம் வேலை நடந்திருக்கு, சொல்லுறன்.

கோவை ஐயா சொன்ன மாதிரி மூடியைக் கழட்டினன். செம்பு வாஷர் விளிம்பு கத்தி மாதிரி. ஃபைபர் வாஷர் ஒரு பக்கம் இல்லவே இல்லை, எண்ணெய்க்குள்ளை துண்டு துண்டாக் கிடந்தது. பல்லுகள் எல்லாம் நல்லா இருக்கு. அதோடை இடது பக்க யூ போல்ட் நட்டு ரெண்டு கையாலையே திருப்பலாம் போலை இருந்தது, கீழை இருக்கிற ரப்பர் மெத்தையும் நசுங்கிப் போச்சு. முன் கண் புஷ் வெடிச்சிருந்தது. வாஷர், புஷ், மெத்தை எல்லாம் மாத்தி இறுக்கினாப் பிறகு 'டொக்' முக்கால்வாசி போட்டுது. குதிக்கிறது குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கேல்லை.

விசைக்கணக்கு
மிச்சக் குதிப்புக்கு முறுக்குக் கைகள். ஆக்ஸிலுக்கு அடியிலிருந்து முன்னோக்கி, பட்டைவில்லின் முன் கண்ணுக்கு அருகே உடலில் பொருந்தும். ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் பேட்டரிப் பெட்டி தொங்குகிறது, பொருத்துவதற்கு முன் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கையின் முன்முனை பட்டைவில் கண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போனால் இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் ஆட முயன்று சஸ்பென்ஷன் இறுகிவிடும். லீவர் வகை ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பேர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

லெஸ்டர்_ஜிடி
யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறன். ஸ்போக் சக்கரக் குழாய் ஆக்ஸில் சாதாரண சக்கர ஆக்ஸிலைவிட ஒடுக்கம். ஆனபடியா இதை அப்பிடியே கழட்டி வைச்சுப்போட்டு, நட்டுப் போடுற சக்கரத்துக்கான குழாய் ஆக்ஸில் ஒண்டு வாங்கப்போறன். இங்கை சுகமாக் கிடைக்கும். அதை மேசையிலை வைச்சு 3.07 கிரவுன் பினியனும் க்வைஃப் டிஃபும் போட்டு, முறுக்குக் கையோடை மாத்துறது. ஜாகுவாரும் இல்லை, 8.8உம் இல்லை. ரோட்டு ரயரிலைதான் ஓடப்போறன்.

ரொறன்ரோ_302
ஒட்டுற ரயர் வாங்கிற நாளிலை எனக்கு எழுதும்.

விசைக்கணக்கு
நல்ல முடிவு. ஓர் எச்சரிக்கை: திறந்த டிஃபில் இரண்டு தண்டுக்கும் முறுக்கு சமமாகப் பிரியும், பிடிமானம் குறைந்த சக்கரம்தான் எல்லை. க்வைஃப் போட்டதும் பிடிக்கும் பக்கத்துத் தண்டுக்குப் பெரும்பங்கு போகும். எனவே வாங்கும் ஆக்ஸிலின் தண்டுகளைப் பல்லுவரியில் முறுக்கல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வரி நேராக இல்லாமல் திருகியிருந்தால் அந்தத் தண்டு தன் எல்லையை ஏற்கெனவே ஒருமுறை தாண்டிவிட்டது.

கோவை_லேத்
கூட்டறப்ப மூணு விசயம், தம்பி. ஒண்ணு, பினியன்ல இருக்கற நசுங்கற ஸ்பேசர் ஒருதடவைதான். இறுக்கம் தாண்டிப் போச்சுன்னா நட்டை லூஸ் பண்ணித் திருப்பி வெக்காதீங்க, புது ஸ்பேசர் போடுங்க. ரெண்டு, டிஃபை உள்ள எறக்கறதுக்கு ஹவுசிங்கைக் கொஞ்சமா விரிக்கற கருவி வேணும், சுத்தியல் கூடாது. மூணு, கிரவுன்ல எத்தனை இடைவெளி வெக்கணும்னு அதுலயே பொறிச்சிருக்கும். டயல் வெச்சு நாலு எடத்துல பாருங்க, அப்புறம் மஞ்சள் பூச்சுத் தடவிச் சுத்திப் பல்லுல அடையாளம் நடுவுல விழுதான்னு பாருங்க. ஓரத்துல விழுந்தா ஷிம் (இடைவெளியச் சரிபண்ற மெல்லிய தகடு) மாத்துங்க. எத்தனை தடவை ஆனாலும் சரி. அவசரப்பட்டா 60 மைல்ல ஊளையிட ஆரம்பிக்கும், அப்புறம் நிக்காது.

எண்ணெய் ஜிஎல்-5 ஊத்துங்க. க்வைஃப்ல கிளச்சுத் தட்டு இல்லாததால வேற மருந்து ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்லை.

குரோம்பம்பர்
தம்பி, கழற்றி வைக்கும் அந்த ஸ்போக் சக்கர ஆக்ஸிலை என்ன செய்யப் போகிறீர்கள்? என்னுடைய 1.8 ரோட்ஸ்டருக்கு 3.9 கிரவுன் பினியன் தேடிக்கொண்டிருக்கிறேன். பல் நன்றாக இருக்கிறது என்றீர்களே.

லெஸ்டர்_ஜிடி
முழு ஆக்ஸிலா எடுக்கிறதெண்டா புது வாஷரோடை தாறன் அண்ணை. ஹப் பல்லுவரி தேஞ்சிருக்கு, அதை மட்டும் நீங்கள் பாக்கவேணும். லெஸ்டருக்கு வந்து தூக்கிக்கொண்டு போங்கோ, என்னாலை தபாலிலை போடேலாது.